யாருக்கு இடம்? சிட்னி றக்பி லீக் போட்டியிற் கழகங்கள் தெரிவுசெய்யப்பட்ட வரலாறு

ஒரு விளையாட்டுப் போட்டியில் எந்தெந்தக் கழகங்கள் பங்குபற்றுதல் வேண்டும் என்ற வினா, மேலோட்டமாக நோக்குமிடத்து, நிருவாக ஒழுங்கு சம்பந்தமான ஒரு சிறு வினாவாகவே தோன்றும். ஆயின் அவ்வினாவுக்கு விடை கூறும் அதிகாரம் யாரிடம் இருந்தது, அவர்கள் எந்த அளவுகோலைக் கைக்கொண்டனர், அவ்வளவுகோலால் நன்மையடைந்தோர் யாவர் என்று தொடர்ந்து வினவும்போது, ஒரு சமுதாயத்தின் பொருளாதார மாற்றங்களே அதனுள் அடங்கியிருத்தல் புலனாகும். அவுஸ்திரேலியாவிலே சிட்னி நகரை மையமாகக் கொண்டு 1908 இல் ஆரம்பமான றக்பி லீக் போட்டியின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். அப்போட்டியைத் தொடக்கிவைத்த கழகங்களுள் ஒன்றும், இருபது தடவை வெற்றிக் கிண்ணத்தைச் சுவீகரித்ததுமான சவுத் சிட்னிக் கழகம் 1999 இல் வெளியேற்றப்பட்டமையும், 2002 இல் மீண்டும் சேர்க்கப்பட்டமையும் இவ்வரலாற்றின் உச்சக் கட்டங்களாகும்.

றக்பி லீக் என்பது இலங்கையிற் பாடசாலைகளும் கழகங்களும் ஆடிவரும் பதினைவர் றக்பியிலிருந்து வேறுபட்டது. அதன் தோற்றமே ஒரு வர்க்கப் பிணக்கின் விளைவாகும். இங்கிலாந்தின் வட பகுதியிலே சுரங்கங்களிலும் ஆலைகளிலும் உழைத்த ஆட்டக்காரர், சனிக்கிழமைகளில் ஆடச் செல்வதால் இழக்க நேரிட்ட கூலிக்கு ஈடு கோரினர். தென் பகுதிக் கனவான்களின் ஆதிக்கத்திலிருந்த றக்பி யூனியன் அதனை மறுத்தது. அதன் விளைவாக 1895 ஆகஸ்ட் 29 ஆந் திகதி ஹடர்ஸ்பீல்ட் நகரின் ஜோர்ஜ் ஹோட்டலிற் கூடிய வடபுலக் கழகங்கள் பிரிந்து சென்று தனிச் சங்கம் அமைத்தன. 1906 இல் அணியொன்றின் ஆட்டக்காரர் தொகை பதின்மூன்றாகக் குறைக்கப்பட்டது. சிட்னியிலும் இதே கோரிக்கையே 1907 ஆகஸ்டில் நியூ சவுத் வேல்ஸ் றக்பி லீக் உருவாக வழிகோலியது.

1908 இல் ஒன்பது கழகங்களுடன் போட்டி தொடங்கிற்று. அக்காலத்திற் கழகங்களைத் தெரிவுசெய்தற்குரிய அடிப்படை நிலப்பரப்பேயாம். கிளீப், பல்மெயின், நியூட்டவுண், சவுத் சிட்னி முதலியன நகரின் உழைக்கும் மக்கள் நெருங்கி வாழ்ந்த பகுதிகளின் பெயர்களாகும். ஒரு கழகத்துக்கு ஆட விரும்புபவர் அக்கழகத்தின் வட்டாரத்தில் வசித்தல் வேண்டும் என்ற விதியும் தொடக்க காலத்தில் நடைமுறையிலிருந்தது. எனவே கழகம், வட்டாரம், மக்கள் ஆகிய மூன்றும் ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்கவியலாதனவாய் இருந்தன. சவுத் சிட்னிக் கழகம் 1908 ஜனவரியில் ரெட்பேர்ண் நகர மண்டபத்திலேயே அமைக்கப்பட்டது. அண்மையிலிருந்த எவெலி புகையிரதத் தொழிற்சாலையிலும் சுற்றுப்புறத் தொழிலகங்களிலும் வேலை செய்தோரும் அவர்தம் குடும்பத்தினருமே அதன் ஆதரவாளராயினர்.

எனினும் அக்காலத்தை வெளியேற்றம் அறியாத பொற்காலமாகக் கொள்வது தவறாகும். அனண்டேல் 1920 ஆம் ஆண்டுடனும், கிளீப் 1929 ஆம் ஆண்டுடனும், பல்கலைக்கழக அணி 1937 ஆம் ஆண்டுடனும் போட்டியிலிருந்து மறைந்தன. அவற்றுக்குப் பதிலாக, நகரம் விரிந்த திசைகளிலிருந்து புதிய கழகங்கள் சேர்ந்தன. 1921 இல் சென்ட் ஜோர்ஜும், 1935 இல் கன்டர்பரி-பாங்ஸ்டவுணும், 1947 இல் மான்லி, பரமட்டா ஆகியனவும், 1967 இல் குரொனுலா, பென்றித் ஆகியனவும் இடம்பெற்றன. மக்கள் குடிபெயர்ந்த வழியே போட்டியும் பெயர்ந்தது எனலாம். இங்கே கருதத்தக்கது யாதெனில், இம்முடிவுகள் கழகங்களின் பிரதிநிதிகள் கூடிய சபையிலேயே எடுக்கப்பட்டன என்பதாகும். தம்முள் ஒருவரை விலக்கும் கொடுமை அச்சபையிலும் நிகழ்ந்தது. ஆயினும் விலக்கியோரும் விலக்கப்பட்டோரும் ஒரே இனத்தவராயினர். போட்டிக்கு வெளியே நின்ற உரிமையாளன் ஒருவன் அங்கில்லை.

இரண்டாம் உலகப் போரின் பின்னர் இந்நிலை மாறத் தொடங்கியது. 1956 இல் நியூ சவுத் வேல்ஸ் அரசாங்கம் பதிவுபெற்ற மனமகிழ் மன்றங்களிற் சூதாட்ட இயந்திரங்களை வைத்திருப்பதைச் சட்டபூர்வமாக்கியது. கழகங்களைச் சார்ந்த மன்றங்கள் இவ்வியந்திரங்களால் ஈட்டிய வருமானம் ஆட்டக்காரரின் ஊதியமாக மாறிற்று. வசதிமிக்க புறநகர்களில் மன்றங்கள் செழித்தன. தொழிலகங்கள் மூடப்பட்டும் குடிசனம் குறைந்தும் வந்த உள்நகர் வட்டாரங்களில் அவை தேய்ந்தன. நியூட்டவுண் கழகம் 1981 இல் இறுதியாட்டம் வரை முன்னேறியது. இரண்டே ஆண்டுகளில், 1983 இன் முடிவில், கடன்சுமை காரணமாகப் போட்டியை இழந்தது. களத்திற் பெற்ற வெற்றி கழகத்தின் இருப்புக்கு உத்தரவாதமாகாது என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்தியது.

அதே வேளையில் விலக்கப்பட்ட மற்றொரு கழகமான வெஸ்டேர்ண் சபேர்ப்ஸ் நீதிமன்றத்தை நாடியது. இடைக்காலப் பாதுகாப்புப் பெற்று 1984 இல் ஆடிய அதனை, 1985 ஆம் ஆண்டுப் போட்டியிலிருந்து நீக்க லீக்கின் பணிப்பாளர் சபை மீண்டும் தீர்மானித்தது. இதற்கிடையில் லீக் ஒரு கம்பனியாகப் பதிவுசெய்யப்பட்டிருந்தமை முக்கியமானது. கம்பனிச் சட்டத்தின் கீழ் எழுந்த இவ்வழக்கு நாட்டின் அதியுயர் மன்றான உயர் நீதிமன்றம் வரை சென்றது. போட்டியின் நலன் கருதித் தன் அதிகாரத்துக்குட்பட்டு நேர்மையுடன் எடுத்த முடிவு, பாதிக்கப்பட்ட கழகத்துக்குத் தீங்கு விளைத்தபோதிலும், சட்டப்படி அடக்குமுறையாகாது என்று 1985 இல் அம்மன்று தீர்ப்பளித்தது. வழக்கில் தோற்ற கழகத்தை லீக் பின்னர் வெளியேற்றவில்லை. ஆயினும் நிலைத்தது அத்தீர்ப்பின் கருத்தே. ‘போட்டியின் நலன்’ என்பது கழகங்களின் நலன்களினின்றும் வேறான ஒன்று என்பதும், அதனை வரையறுக்கும் உரிமை பணிப்பாளர்க்கே உண்டு என்பதும் சட்ட அங்கீகாரம் பெற்றன.

1988 இல் பிறிஸ்பேன், நியூகாசில், கோல்ட் கோஸ்ட் ஆகியவற்றிலிருந்து அணிகள் சேர்க்கப்பட்டன. சிட்னியின் போட்டி தேசியப் போட்டியாக உருமாறத் தொடங்கியது. லீக் வேண்டித் தயாரிக்கப்பட்ட பிராட்லி அறிக்கை, அணிகளின் தொகை 14 ஆகக் குறைக்கப்படல் வேண்டுமென 1992 இல் விதந்துரைத்தது. அதற்கு முரணாக 1995 இல் நான்கு புதிய அணிகள் வந்துசேர, தொகை 20 ஆயிற்று. அவ்வாண்டிலேயே கட்டணத் தொலைக்காட்சி உரிமைக்கான பெரும் போர் மூண்டது. றூபேர்ட் மேர்டொக்கின் நியூஸ் லிமிட்டெட் நிறுவனம் ‘சூப்பர் லீக்’ என்னும் எதிர்ப் போட்டியை உருவாக்கி, ஆட்டக்காரரையும் கழகங்களையும் பெரும் பணங்கொடுத்துத் தன்பக்கம் ஈர்த்தது. கெரி பக்கரின் தொலைக்காட்சி நலன்கள் பழைய அமைப்பைச் சார்ந்து நின்றன. 1997 இல் இரு போட்டிகள் சமகாலத்தில் நடைபெற்றன. ஒன்றில் 12 அணிகளும் மற்றதில் 10 அணிகளும் ஆடின. இரு தரப்புக்கும் நட்டமே மிஞ்சியது.

அவ்வாண்டு டிசம்பரில் ஏற்பட்ட உடன்படிக்கையால் இரண்டும் இணைந்து ‘தேசிய றக்பி லீக்’ பிறந்தது. நியூஸ் லிமிட்டெட் அதன் பங்காளிகளுள் ஒன்றாயிற்று. 2000 ஆம் ஆண்டளவில் அணிகளின் தொகை 14 ஆகக் குறைக்கப்படும் என்பது உடன்படிக்கையின் முக்கிய வாசகங்களுள் ஒன்று. இத்தொகையை அடைவதற்குப் பார்வையாளர் தொகை, களத்திற் பெற்ற புள்ளிகள், விளம்பர அனுசரணை, வருமானம் என்பன கணக்கிடப்பட்டுக் கழகங்கள் வரிசைப்படுத்தப்பட்டன. இணைந்துகொள்ளும் கழகங்களுக்கு முன்னுரிமை வழங்கப்பட்டது. சென்ட் ஜோர்ஜும் இலவாராவும் 1999 ஆம் ஆண்டுப் போட்டிக்கென இணைந்தன. அடுத்த ஆண்டுக்கென பல்மெயினும் வெஸ்டேர்ண் சபேர்ப்ஸும், மான்லியும் நோர்த் சிட்னியும் இணைந்தன. தனித்து நின்ற சவுத் சிட்னி வரிசையிற் பின்தங்கி, 1999 ஒக்டோபர் 15 ஆந் திகதி வெளியேற்றப்பட்டது.

இவ்வளவுகோலின் தன்மை ஆராயத்தக்கது. ஒவ்வோர் அம்சமும் எண்ணாற் குறிக்கப்படக்கூடியதாகையால், நடுநிலையான முறையொன்று கைக்கொள்ளப்பட்டது போன்ற தோற்றம் ஏற்பட்டது. ஆயின் எதனை எண்ணுவது என்ற தெரிவிலேயே முடிவின் பெரும்பகுதி அடங்கியிருந்தது. விளம்பரதாரரைக் கவரும் ஆற்றல் எண்ணப்பட்டது. ஒரு வட்டாரத்தின் மூன்று தலைமுறைப் பற்று எண்ணப்படவில்லை. ரெட்பேர்ண் ஆதிக்குடி மக்களின் அரசியல் எழுச்சிக்குக் களமாயிருந்த இடமாகும். 1970 இல் அவர்களது சட்ட உதவிச் சேவையும், 1971 இல் மருத்துவச் சேவையும் அங்கேயே தோன்றின. அம்மக்கட்கும் அக்கழகத்துக்கும் இருந்த நெருக்கத்தை எந்த நிரலிலும் பதிய இயலவில்லை. அதேவேளை, மறுதரப்பு வாதத்தையும் புறக்கணித்தலாகாது. இருபது அணிகளைத் தாங்குவதற்குப் போதிய வருவாய் இல்லாவிடின் பல கழகங்கள் ஒருங்கே வீழ்ச்சியுறும். சிட்னிக் கழகங்களின் மிகுதி ஏனைய நகரங்களுக்கு இடமில்லாமற் செய்தது. இவ்வாதத்தில் உண்மை இல்லாமலில்லை. பிணக்கு, தொகையைக் குறைத்தல் பற்றியதாக மட்டும் அமையவில்லை. குறைப்பவர் யார் என்பதையும் அது பற்றியது.

கழகத்தின் தலைவராயிருந்த ஜோர்ஜ் பிகின்ஸ் தலைமையில் எதிர்ப்பு இயக்கம் வளர்ந்தது. 2000 நவம்பரில் ஏறத்தாழ 80,000 பேர் சிட்னி நகர மண்டபத்தை நோக்கி ஊர்வலமாகச் சென்றனர். தொழிற்சங்கத்தினர், ஆதிக்குடிகள், புதிய குடிவரவினர் எனப் பலதரப்பட்டோர் அதிற் கலந்துகொண்டனர். அதே மாதத்தில் சமஷ்டி நீதிமன்றம் கழகத்தின் வழக்கைத் தள்ளுபடி செய்திருந்தது. 2001 ஜூலையில் அந்நீதிமன்றத்தின் மேன்முறையீட்டு அமர்வு, இருவருக்கு ஒருவர் என்ற பெரும்பான்மையால், பதினான்கு அணிகள் என்ற வாசகம் வாணிபச் சட்டத்துக்கு மாறான விலக்கல் ஏற்பாடு எனத் தீர்ப்பளித்தது. அதன்பின் 2002 இல் சவுத் சிட்னி மீண்டும் களமிறங்கியது. ஆனால் 2003 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம், நால்வருக்கு ஒருவர் என்ற பெரும்பான்மையால், அத்தீர்ப்பை மாற்றியது. அணிகளின் தொகையை வரையறுப்பதே அவ்வாசகத்தின் நோக்கம். குறித்த கழகத்தை விலக்குவது அதன் நோக்கமன்று என்பது பெரும்பான்மையோர் கருத்து. எனினும் மீண்டும் சேர்ந்துவிட்ட கழகம் போட்டியில் நிலைத்தது. 1985 இலும் 2003 இலும் சட்டம் போட்டியின் உரிமையாளர் பக்கமே நின்றது. கழகங்கள் இரண்டுமோ வழக்கில் தோற்றும் இடத்தை இழக்கவில்லை.

இங்கிலாந்தின் வரலாறும் இதனோடு ஒப்பிடத்தக்கது. அங்கு களத்திற் பெறும் நிலைக்கேற்பப் பிரிவுகளுக்கிடையே ஏறுதலும் இறங்குதலும் நீண்டகால மரபாகும். 1995 இல் மேர்டொக்கின் தொலைக்காட்சிப் பணத்துடன் சூப்பர் லீக் அங்கும் வந்தபோது, இரண்டாம் பிரிவில் முதலிடம் பெற்ற கீத்லி கழகம் மேற்பிரிவுக்குச் செல்ல அனுமதிக்கப்படவில்லை. சுரங்க நகரான பெதர்ஸ்டனை அயற் கழகங்களுடன் இணைக்கும் திட்டம் மக்கள் எதிர்ப்பினாற் கைவிடப்பட்டது. 2009 இல் உரிமம் வழங்கும் முறை புகுத்தப்பட்டு, 2015 இல் ஏறுதல் இறங்குதல் திரும்பியது. 2025 ஆம் ஆண்டுப் போட்டிக்கு, 20 புள்ளிகளைக் கொண்ட தரப்படுத்தல் அடிப்படையாயிற்று. அதில் ஆட்டத் திறனுக்கு உரியவை ஐந்து புள்ளிகளே. எஞ்சியவை ரசிகர் தொகை, நிதிநிலை, மைதானம், சமூகம் ஆகியவற்றுக்குரியன.

சவுத் சிட்னியின் பிற்கால வரலாறும் எளிய முடிவுக்கு இடந்தரவில்லை. உறுப்பினரின் உடைமையாக மீட்கப்பட்ட அக்கழகத்தின் 75 சதவீதத்தை, 2006 இல் உறுப்பினரே வாக்களித்து, நடிகர் றசல் குரோவுக்கும் அவரது பங்காளிக்கும் விற்றனர். 2014 இல், 43 ஆண்டுகளுக்குப் பின்னர், அது மீண்டும் வெற்றிக் கிண்ணத்தைப் பெற்றது. மறுபுறத்தில், இணைப்புக்கு இசைந்த நோர்த் சிட்னி, அவ்விணைப்பு 2002 இற் குலைந்தபோது தன் இடத்தை அறவே இழந்தது. அதன் கரடிச் சின்னம் 2027 முதல் பேர்த் நகர அணியொன்றுக்கு உரியதாகும் என 2025 இல் அறிவிக்கப்பட்டது. 2028 இற் பப்புவா நியூகினி அணியொன்று சேரும் என 2024 டிசம்பரில் அறிவிக்கப்பட்டபோது, அவுஸ்திரேலிய அரசாங்கம் பத்து ஆண்டுகளில் 600 மில்லியன் டொலர் வழங்க இணங்கியிருந்தது. பசுபிக் பிராந்தியத்தில் அந்நாட்டுக்குள்ள பாதுகாப்பு நலன்களோடு இவ்வுதவி தொடர்புடையது. ஆகவே தெரிவுக்குரிய அளவுகோல்களுள் வெளிநாட்டுக் கொள்கையும் ஒன்றாயிற்று.

வட்டாரம், வருவாய், தொலைக்காட்சி, அரச நலன் என அளவுகோல்கள் காலத்துக்குக் காலம் மாறியுள்ளன. ஒவ்வொரு மாற்றமும், போட்டியின் மீது அதிகாரம் எவர் கைக்குச் சென்றது என்பதைக் காட்டுகின்றது. இழந்த கூலியைக் கேட்டவர்களால் தோற்றுவிக்கப்பட்ட ஓர் ஆட்டம், தன்னைத் தோற்றுவித்தோரின் கழகங்களையே இலாபக் கணக்கால் அளக்கும் நிலைக்கு வந்தமை அதன் பெரும் முரண்பாடாகும். அக்கணக்கு தவிர்க்கவியலாதது என்று நிருவாகிகள் கூறினர். அக்கணக்கிற் சேராத எண்பதாயிரவர் வீதியில் இறங்கியபோது, கணக்குத்தான் மாற நேர்ந்தது.