நம்பிக்கை உரைத்த நாவுகள்

1816ஆம் ஆண்டில் தெல்லிப்பழையில் அமெரிக்க மிஷன் பணி தொடங்கிற்று. அதன் திருச்சபையிற் சேர விழைந்தோர் வேதாகமத்தைக் கற்பதோடு, தம் உள்ளத்தில் நம்பிக்கை பிறந்த வரலாற்றையும் தம் வாயாலேயே உரைக்க வேண்டியிருந்தது. சுற்றத்தார் வெறுப்பர் என்றறிந்தும் பலர் உரைத்தனர். குலவழக்காக வந்த சமயம், தனிமனிதர் சான்று கூறும் பொருளாயிற்று.

வெஸ்லியன் மிஷன் பள்ளியிற் பயின்ற ஆறுமுக நாவலர், பேர்சிவல் பாதிரியாரின் வேதாகமத் தமிழாக்கத்துக்குத் துணைநின்றார். அது 1850இல் வெளிவந்தது. வசனந்தோறும் ஆய்ந்த நாவலரோ சைவராகவே நின்றார். 1847 டிசம்பர் 31ஆம் நாள் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிற் பிரசங்கம் தொடங்கினார். 1854இல் எழுதிய ‘சைவதூஷணபரிகார’த்தில், வேதாகமத்து ஆலய வழிபாட்டு விதிகளைக் காட்டியே பாதிரிமாருக்கு விடையிறுத்தார்.

ஒரே நூலைக் கற்ற இருசாராரும் தத்தம் நம்பிக்கைக்குக் காரணம் கூறப் பழகினர். அப்பழக்கத்தால் யாழ்ப்பாணத்துத் தமிழ் உரைநடை உரம்பெற்றது.