வீட்டிற்குள் குடிபுகுந்த செடிகள்

வீட்டினுள் செடி வளர்க்கப் புகும் ஒருவர் முதன்முதல் வாங்கிவரும் செடி, பல வேளைகளில் சில மாதங்களிலேயே பட்டுப்போகிறது. 'நமக்குக் கைராசி இல்லை' என்று கூறி, வெறுந்தொட்டியை மூலையில் கவிழ்த்து வைப்போர் பலர். கைராசிக்கும் செடிக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. எச்செடி கூரையின்கீழ்ப் பிழைக்கும், அதற்கு எவ்வளவு கவனம் போதும் என்பன, மக்கள் ஏறத்தாழ 300 ஆண்டுகளாகச் செடிகளைச் சாகக் கொடுத்துக் கற்றுக்கொண்ட செய்திகளாகும். அவ்வரலாற்றின் பெரும்பகுதி லண்டன் மாநகரில் நிகழ்ந்தது. செடி வாழ்வதற்கு அதனினும் தகாத ஊரை அக்காலத்தில் காண்பது அரிது.

லண்டன் மக்கள் நிலக்கரியை எரித்தே குளிர் காய்ந்தனர், சமைத்தனர். புகைக்கரி இலைகளின்மேல் படிந்தது. ஹாக்ஸ்டன் பகுதியில் நாற்றுப்பண்ணை நடத்திவந்த தாமஸ் ஃபேர்சைல்ட் என்பார் 1722-இல் 'நகரத் தோட்டக்காரர்' என்று பொருள்படும் பெயரில் ஒரு சிறு நூலை வெளியிட்டார். இருவேறு மலர்ச்செடிகளைக் கலந்து செயற்கையாகக் கலப்பினம் உண்டாக்கியவர் என்று தாவரநூலார் இவரைப் போற்றுவர். ஆயினும் அச்சிறு நூலில் அவர் செய்தது அதனினும் எளிய செயல். பலருக்குப் பயன்பட்ட செயல். அழகிய செடி எது என்று அவர் கேட்கவில்லை. இப்புகையில் எது நிற்கும் என்று கேட்டார். நகரத்தின் சதுக்கங்களிலும் முற்றங்களிலும் எவை செழித்திருந்தன என்று கண்டு, அவற்றையே நடுமாறு கூறினார். இடத்தைப் பார்த்துச் செடியைத் தேர்ந்தெடுப்பது என்னும் முறைக்கு இந்நூல் நல்ல தொடக்கமாக அமைந்தது.

நூறாண்டு கழித்து, 1823-இல், 'ஃப்ளோரா டொமெஸ்டிகா' என்றொரு நூல் ஆசிரியர் பெயரின்றி வெளிவந்தது. எழுதியவர் எலிசபெத் கென்ட் அம்மையார். எழுத்தாளர் லீ ஹன்டின் மனைவிக்குத் தங்கை. நகரத்தில் தொட்டிச்செடி வளர்ப்போர்க்கென எழுதப்பட்ட அந்நூலில், எச்செடிக்கு எவ்வளவு நீர் வேண்டும் என்று அம்மையார் தனித்தனியே குறித்துள்ளார். அறியாமையோடு கூடிய தம் அன்பினாலேயே பல செடிகளைக் கொன்றதாக அவர் முன்னுரையில் ஒப்புக்கொண்டிருப்பது குறிப்பிடத்தக்கது. புதிதாகச் செடி வளர்ப்போர் செய்யும் பிழை இன்றும் அதுவே.

இனி, வரலாற்றைத் திருப்பிய நிகழ்ச்சிக்கு வருவோம். லண்டன் கப்பல்துறைக்கு அருகே வெல்குளோஸ் சதுக்கத்தில் நாதனியேல் பாக்‌ஷா வார்ட் என்னும் மருத்துவர் வாழ்ந்தார். பெரணிச்செடிகளின்மீது அவருக்குப் பெருவேட்கை. வீட்டின் பின்புறம் பாறைகளை அடுக்கி அவற்றை வளர்க்க முயன்றார். சுற்றியிருந்த தொழிற்சாலைகளின் புகையால் அவையெல்லாம் மடிந்தன. 1829-இல், அந்துப்பூச்சியின் கூட்டுப்புழு ஒன்றிலிருந்து பூச்சி வெளிவருவதைக் காண விரும்பி, அகன்ற வாயுடைய கண்ணாடிப் புட்டியில் ஈரமண்ணை இட்டு, அதனுள் கூட்டை வைத்து மூடினார். பகலில் மண்ணின் ஈரம் ஆவியாகிக் கண்ணாடியில் முத்துமுத்தாய்ப் படிவதும், மீண்டும் மண்ணுக்கே வடிவதும் அவர் கண்ணிற்பட்டன. சில நாளில் அம்மண்ணில் இரு சிறு முளைகள் தோன்றின. ஒன்று பெரணி, மற்றொன்று புல். பாறைமேல் அவர் அரும்பாடுபட்டும் வளராத பெரணி, யாரும் நடாமலே புட்டிக்குள் வளர்ந்தது!

வார்ட் புட்டியைச் சன்னலுக்கு வெளியே வைத்தார். நீர் ஊற்றவில்லை, உரமிடவில்லை. ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் அவ்விரண்டும் வாழ்ந்தன. பின்னர் அவை மடிந்த விதம் கருதத்தக்கது. வார்ட் வெளியூர் சென்றிருந்தபோது புட்டியின் மூடி துருப்பிடித்து, மழைநீர் மிகுதியாக உட்புகுந்துவிட்டது. ஒரு துளியும் ஊற்றாமல் நான்கு ஆண்டு வாழ்ந்தவை, நீர் மிகுந்தமையால் அழிந்தன.

இதன் காரணம் இன்று தெளிவாக விளங்கும். வேரும் மூச்சுவிடுகிறது. மண்துகள்களுக்கு இடையேயுள்ள சிறு வெளிகளில் காற்று இருத்தல் வேண்டும். நாள்தோறும் நீர் ஊற்றினால் அவ்வெளிகள் நீரால் நிறைந்து, வேர் மூச்சடைத்து அழுகும். அழுகிய வேர் நீரை உறிஞ்சாது. ஆகவே இலை வாடும். வாடிய இலையைக் கண்டவர், நீர் போதவில்லை என்றெண்ணி மேலும் ஊற்றுவார்! விரலை மண்ணில் ஓர் அங்குலம் செருகிப் பார்த்து, ஈரம் தென்படாதபோது மட்டும் நீர்விடும் பழக்கம் பெரும்பாலான செடிகளைக் காப்பாற்றப் போதுமானது. தொட்டியின் அடியில் துளை இருத்தலும் இன்றியமையாதது.

வார்டின் புட்டி பெட்டியாயிற்று. லாடிஜஸ் நாற்றுப்பண்ணையாரின் துணையுடன் அவர் செய்வித்த கண்ணாடிப் பெட்டிகள் 1833-இல் 'டெர்பி' என்னும் கப்பலில் ஆஸ்திரேலியாவுக்குச் சென்றன. செடிகள் உயிருடன் சேர்ந்தன. அங்கிருந்து மறுபயணமாக அனுப்பப்பட்டவையும் கடுங்குளிரையும் கொடுவெயிலையும் கடந்து, சுமார் எட்டு மாதங்களுக்குப்பின் லண்டனை அடைந்தபோது பசுமையாகவே இருந்தன. அதுவரை கடலில் அனுப்பிய செடிகளுட் பெரும்பாலானவை உப்புக்காற்றாலும் நன்னீர்ப் பற்றாக்குறையாலும் வழியிலேயே மடிந்துவந்தன.

இவ்விடத்தில் ஒன்று கூறாமல் விடுதல் தகாது. 1876-இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த சுமார் 70,000 ரப்பர் விதைகளுள், கியூ தோட்டத்தில் முளைத்தவை 3,000-க்கும் குறைவே. அவற்றுள் 1,919 கன்றுகள், 38 வார்ட் பெட்டிகளில் இலங்கைக்கு அனுப்பப்பட்டன. அடுத்த ஆண்டில் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. அவற்றுட் சில கோலகங்சாருக்குச் சென்றன. மலாயாவின் காடுகள் ரப்பர்த் தோட்டங்களானதும், அத்தோட்டங்களில் பால்மரம் வெட்டத் தமிழர் கப்பலேற்றப்பட்டதும் பின்னர் நடந்தவை. பெரணி வளர்க்க ஆசைப்பட்ட மருத்துவரின் பெட்டி, கடல் கடந்த ஒரு மக்களின் வரலாற்றிலும் இவ்வாறு இடம்பெற்றுவிட்டது.

பெட்டி கப்பலோடு நிற்கவில்லை, வரவேற்பறைக்கும் வந்தது. 1845-இல் ஆங்கில அரசு கண்ணாடிமீதிருந்த வரியை நீக்கியபின் கண்ணாடி மலிவாகி, நடுத்தரக் குடும்பத்தாரும் பெரணிப்பெட்டி வைத்தனர். ஆனால் பெட்டிக்கு வெளியே வைத்த செடிகட்குப் புதியதொரு பகை தோன்றியிருந்தது. அதுவே நிலக்கரி வாயு விளக்கு. வாயு எரியும் அறையில் இலைகள் உதிர்ந்தன; மொட்டுகள் விரியாமல் கருகின. எத்திலீன் எனப்படும் ஆவியே இதற்கு முதன்மையான காரணம் என்பது, 1901-இல் ருஷ்ய அறிஞர் நெல்யூபோவ் பட்டாணி முளைகளை வைத்துச் செய்த ஆய்வால் விளங்கலாயிற்று. காரணம் அறியாத காலத்திலும், தப்பிப் பிழைப்பது எது என்பதை இல்லத்தரசியர் கண்டுகொண்டனர். அச்செடியின் பெயர் அஸ்பிடிஸ்ட்ரா.

நீண்ட கரும்பச்சை இலைகளையுடைய இச்செடி, சீனத்துச் செடி என்று நெடுங்காலம் எழுதப்பட்டது. உண்மையில் ஜப்பானின் தென்பகுதித் தீவுகளுக்கு உரியது. பெருமரங்களின் அடர்நிழலில் வளர்வதாதலால் மங்கிய ஒளி அதற்குக் குறையன்று. மண்ணுக்குள் தடித்த கிழங்குத்தண்டு இருப்பதால் சில வாரம் நீரின்றியும் தாங்கும். அதன் பூ மண்ணோடு ஒட்டியே மலரும். வளர்ப்பவரே காணாமற் போவதுண்டு. சாகாத காரணத்தாலேயே அது வீடுதோறும் பரவிற்று. வீடுதோறும் இருந்த காரணத்தாலேயே பின்னர் ஏளனத்துக்கும் ஆளாயிற்று. ஜார்ஜ் ஆர்வெல் 1936-இல் எழுதிய புதினமொன்றில், நடுத்தர வாழ்வின் அடையாளமாக இச்செடி தலைப்பிலேயே நிற்கிறது. 1942-இல் ஆங்கிலேயர் செர்மானியருக்கு எதிராக நிறுவிய பேராற்றல் வாய்ந்த வானொலி நிலையத்துக்கும், வேடிக்கைப்பாட்டு ஒன்றை ஒட்டி, இப்பெயரே இடப்பட்டது. உழைத்த செடிக்கு இவ்வளவு ஏளனம் தகாது என்றே சொல்லத் தோன்றுகிறது.

வாயு விளக்கு மறைந்தும் அஸ்பிடிஸ்ட்ரா கற்பித்த இலக்கணம் மறையவில்லை. காட்டின் அடிநிழலில் வளர்ந்ததா, வறண்ட நிலத்தில் நீரைச் சேமித்து வாழ்ந்ததா என்று நோக்கினால் தொடக்கக்காரர்க்குரிய செடி அகப்பட்டுவிடும். இன்று வீடுகளில் காணும் மணி பிளாண்ட், பசிபிக் பெருங்கடலின் மோரியா தீவில் தோன்றி, மரத்தைப் பற்றி ஏறும் கொடி. அது பூப்பது மிக அரிது. கணுவோடு நறுக்கிய துண்டுகளாலேயே உலகெங்கும் பரவியது. வாள்போல நிமிர்ந்து நிற்கும் பாம்புச்செடி மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. எனினும் அதன் உறவினம் தமிழர்க்குப் புதிதன்று. தமிழகத்தின் வறண்ட நிலங்களில் வளரும் மருள் அவ்வினத்ததே. அதன் நாரை நாணுக்கும் கயிற்றுக்கும் பயன்படுத்தினர்.

இன்னொன்று, இக்காலத்தில் சீனப் புத்தாண்டின்போது கடைகளில் நிறைந்திருக்கும் பணமரம். கிழக்கு ஆப்பிரிக்காவுக்குரிய இச்செடியை, வார்டுக்குப் பெட்டி செய்ய உதவிய அதே லாடிஜஸ் பண்ணையார் 1829-இல் தம் நூலில் விளக்கியிருந்தனர். புட்டியில் பெரணி முளைத்ததும் அவ்வாண்டிலேயே. ஆயினும் ஒருவரும் அதனைப் பொருட்படுத்தவில்லை. 1990-களில் ஒல்லாந்து நாட்டு வணிகர் பெருமளவில் பயிரிட்ட பின்னரே அது வீடுகளுக்கு வந்தது. கிழங்கில் நீரைச் சேமித்துவைக்கும் இதற்கு இரண்டு மூன்று வாரங்களுக்கு ஒருமுறை நீர் விட்டாற் போதும். இதன் சாறு வாயில் பட்டால் எரியும்; மணி பிளாண்டும் அத்தகையதே. குழந்தையும் பூனையும் உள்ள வீட்டில் எட்டாத உயரத்தில் வைத்தல் நலம்.

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் அடுக்குமாடி வீடுகளில் இருப்போர்க்கு லண்டன் நூல்கள் கூறாத கவலை ஒன்றுண்டு. தொட்டியின்கீழ் வைக்கும் தட்டில் தேங்கும் நீரில் ஏடிஸ் கொசு முட்டையிடும். டெங்கிக் காய்ச்சல் அங்கிருந்தே கிளம்பலாம். முட்டை தட்டின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு ஈரமின்றிப் பல மாதங்கள் உயிரோடிருக்கும். நீர் பட்டதும் பொரிந்து, ஒரு வாரத்தில் கொசுவாகும். ஆகவே நீரைக் கொட்டுவதோடு அமையாமல் தட்டைத் தேய்த்துக் கழுவுதல் வேண்டும். தட்டில் நிற்கும் நீர் செடிக்கும் வேண்டாதது. வார்டின் பெரணியை அழித்த நீர் போன்றதே அதுவும்.