எண்ணெய் கேட்காத பெல்ட்

இயந்திரம் என்றால் எண்ணெய் போட வேண்டும் என்பது எல்லோரும் அறிந்த பாடம். கதவுக் கீல் கிரீச்சிட்டாலும், சைக்கிள் செயின் இறுகினாலும், தையல் மெஷின் கனத்தாலும் கை தானாக எண்ணெய்க் குப்பியைத் தேடும். ஆனால் ஓர் உறுப்புக்கு மட்டும் இந்தப் பாடம் பொருந்தாது. அதுதான் உட்புறம் பற்கள் கொண்ட பெல்ட். கார் எஞ்சினில் இதற்கு டைமிங் பெல்ட் என்று பெயர். பிரிண்டர் முதல் பெரிய ஆலை இயந்திரங்கள் வரை இது இருக்கிறது. ஓடுவதற்கு எண்ணெய் தேவைப்படாதது மட்டுமல்ல, எண்ணெய் பட்டாலே கெட்டுப் போவது இதன் இயல்பு. ஏன் இப்படி? இதற்கான விடை பெல்ட்டின் வரலாற்றில் இருக்கிறது.

தோலும் இரும்பும்

19ஆம் நூற்றாண்டின் ஆலைகளில் ஒரே நீராவி எஞ்சின்தான் எல்லா இயந்திரங்களையும் ஓட்டியது. கூரையை ஒட்டி நீளமான இரும்புத் தண்டு சுழலும். அதிலிருந்து ஒவ்வொரு இயந்திரத்துக்கும் ஒரு தட்டையான தோல் பெல்ட் இறங்கும். தோல் காய்ந்தால் வெடித்துவிடும். அதனால் தொழிலாளர்கள் விலங்குக் கொழுப்பு, ஆமணக்கு எண்ணெய் போன்றவற்றைத் தடவினார்கள். பெல்ட் வழுக்கி ஓட வேண்டும் என்பது அவர்கள் நோக்கம் அல்ல! தோல் மெத்தென்று இருந்தால்தான் புல்லியை நன்றாகப் பற்றும் என்பதே காரணம்.

1880ஆம் ஆண்டு இங்கிலாந்தின் மான்செஸ்டர் பகுதியில் ஹான்ஸ் ரெனால்ட் உருளைச் செயினுக்குக் காப்புரிமை பெற்றார். அதற்கும் எண்ணெய் வேண்டும். ஆனால் காரணம் வேறு. செயினின் ஒவ்வொரு கண்ணியிலும் இரும்போடு இரும்பு உராய்கிறது. எண்ணெய் இல்லாவிட்டால் தேய்ந்து, செயின் நீண்டுவிடும்.

ஆக, தோலுக்கு ஒரு காரணத்துக்காகவும் இரும்புக்கு வேறொரு காரணத்துக்காகவும் எண்ணெய் போடப்பட்டது. காலப்போக்கில் காரணங்கள் மறந்து போயின. பழக்கம் மட்டும் நிலைத்துவிட்டது.

தையல் மெஷினில் பிறந்தது

1940களில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் இருந்த கில்மர் நிறுவனத்தில் ரிச்சர்ட் கேஸ் என்பவர் பற்கள் கொண்ட பெல்ட்டை உருவாக்கினார். சிங்கர் தையல் மெஷினுக்காக அது செய்யப்பட்டது. மேலே ஊசியும் கீழே நூலைப் பிடிக்கும் கொக்கியும் ஒரே தாளத்தில் சந்திக்க வேண்டும். சிறிது பிசகினாலும் தையல் விழாது. தட்டையான பெல்ட் வழுக்கும். செயின் சத்தம் போடும். அதன் எண்ணெய் தெறித்தால் துணி பாழாகும். பல் பெல்ட்டோ வழுக்குவதும் இல்லை, எண்ணெய் கேட்பதும் இல்லை.

அது எப்படி? பெல்ட்டின் பல் புல்லியின் பள்ளத்தில் இறங்கி, பிறகு வெளியேறுகிறது. இழுபட்டு உராய்வது மிகக் குறைவு. இரும்போடு இரும்பு மோதும் இடமே கிடையாது. உராயும் சிறு பகுதிக்கும் பற்களின் மேல் ஒட்டிய நைலான் துணி காவலாக இருக்கிறது.

இந்த பெல்ட்டில் எண்ணெய் பட்டால் என்ன ஆகும்? நியோப்ரீன் போன்ற ரப்பர் ஊறி உப்பும். துணிக்கும் ரப்பருக்கும் இடையிலான பிணைப்பு தளரும். பற்கள் ஒவ்வொன்றாகக் கழன்று போகும். தூசியும் எண்ணெயில் ஒட்டி, உப்புத்தாள் போல் தேய்க்கும். பெல்ட் சத்தம் போட்டால் இழுவிசை தவறாக இருக்கலாம், அல்லது புல்லிகள் நேர்க்கோட்டில் இல்லாமல் இருக்கலாம். எண்ணெய் அந்தச் சத்தத்தைச் சிறிது நேரம் அடக்கும், நோயைத் தீர்க்காது.

காருக்குள் வந்த பெல்ட்

1962ல் ஜெர்மனியின் கிளாஸ் நிறுவனம் தன் 1004 காரில் கேம் ஷாஃப்ட்டைச் சுழற்ற இந்த பெல்ட்டைப் பயன்படுத்தியது. பெருமளவில் தயாரான கார்களில் இதுவே முதல். 1966ஆம் ஆண்டு மாடலில் அமெரிக்காவின் பாண்டியாக், ஃபைபர்கிளாஸ் இழைகள் பொதிந்த பெல்ட்டுடன் ஆறு சிலிண்டர் எஞ்சினைக் கொண்டு வந்தது. 1980ல் ஹார்லி டேவிட்சனின் ஸ்டர்ஜிஸ் மோட்டார் சைக்கிளில் செயின்களின் இடத்துக்கும் பல் பெல்ட்டுகள் வந்தன.

கார்களில் இந்த பெல்ட் எஞ்சினுக்கு வெளியே, எண்ணெய் படாத தனி மூடிக்குள் ஓடியது. அருகில் உள்ள ஆயில் சீல் கசிந்து பெல்ட் நனைந்தால், கசிவை அடைப்பதோடு பெல்ட்டையும் மாற்றுவதே நல்ல மெக்கானிக்கின் வழக்கம். காரணம், பல எஞ்சின்களில் ஓட்டத்தின்போது பெல்ட் அறுந்தால் பிஸ்டன் வால்வுகளில் மோதிவிடும். சிறிய பெல்ட்டோடு எஞ்சினும் போய்விடும்!

விதியை மீறிய சோதனை

இவ்வளவு தெரிந்த பிறகும் பெல்ட்டை வேண்டுமென்றே எண்ணெய்க்குள் ஓட விட்டார்கள். உராய்வும் சத்தமும் குறையும், எஞ்சின் சிறிதாகும் என்பது எதிர்பார்ப்பு. எண்ணெயைத் தாங்கும் தனி ரப்பரும் செய்யப்பட்டது. 2012ல் வந்த ஃபோர்டின் 1.0 லிட்டர் ஈகோபூஸ்ட் எஞ்சினும் பெஜோவின் 1.2 லிட்டர் எஞ்சினும் இத்தகையவை. சென்னையை அடுத்த மறைமலை நகரில் தயாரான ஈகோஸ்போர்ட் காரும் 2013 முதல் இந்த ஈகோபூஸ்ட் எஞ்சினுடன் விற்பனைக்கு வந்தது.

பெஜோ எஞ்சினில் சோதனை தோற்றது. எண்ணெயில் கலந்த பெட்ரோல் பெல்ட்டை அரித்தது. உதிர்ந்த துகள்கள் ஆயில் பம்ப்பின் வலையை அடைத்தன. கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. 2024ல் அந்தக் குழுமம் 10 ஆண்டு அல்லது 1,75,000 கி.மீ. வரை உத்தரவாதத்தை நீட்டித்தது. ஃபோர்டும் தன் எஞ்சினின் பிந்தைய வடிவத்தில் கேம் ஷாஃப்ட்டுக்குச் செயினையே வைத்தது. எண்ணெயில் ஓடும் பெல்ட் உள்ள காரை வைத்திருப்பவர்கள், தயாரிப்பாளர் சொன்ன அதே ரக ஆயிலை, சொன்ன காலத்துக்குள் மாற்றுவது மிக அவசியம்.

தோல் கேட்டது, இரும்பும் கேட்டது, ரப்பர் கேட்கவில்லை. உராய்வது எது, அது எதனால் ஆனது என்று பார்த்த பிறகே எண்ணெய்க் குப்பியைத் திறக்க வேண்டும். பல் பெல்ட்டின் வரலாறு சொல்லும் பாடம் இதுவே.