புகாரும் 'பார்வையாளன்' என்கிற புனைவும்

1988 ஜனவரியில் கோவிந்த் நிஹலானியின் 'தமஸ்' தொடரைத் தூர்தர்ஷன் ஒளிபரப்பியது. பீஷ்ம சாஹ்னியின் நாவல், பிரிவினைக் கலவரம். மதப்பகை மூளும், நிறுத்துங்கள் என்று பம்பாய் உயர்நீதிமன்றத்தில் மனுப் போட்டார்கள். தடையும் கிடைத்தது. பிறகு லென்டின், சுஜாதா மனோகர் என்ற இரு நீதிபதிகள் தொடர் முழுவதையும் போட்டுப் பார்த்துவிட்டுத் தடையை நீக்கினார்கள். (பார்க்காமலே புகார் சொல்லும் நம்மவர்களுக்கு இது வினோதமாகப் படலாம்.) உச்சநீதிமன்றமும் தொடரின் பக்கமே நின்றது. அது கையிலெடுத்த அளவுகோல், விவியன் போஸ் நாக்பூரில் வகுத்தது: நியாயபுத்தியும் திடசித்தமும் உள்ள மனிதனுக்கு இது என்ன செய்யும் என்று பார்; எதிலும் ஆபத்தை மோப்பம் பிடிப்பவனை வைத்து அளக்காதே.

இந்தத் திடசித்த மனிதன் யார்? அவனுக்குச் சாதி உண்டா, பெண்ணாக இருக்க முடியுமா என்ற கேள்விகள் எனக்கு உண்டு. ஆனாலும் 1994 கேபிள் விதிகளின் நிகழ்ச்சி நெறிமுறை கட்டமைக்கும் பார்வையாளனோடு ஒப்பிட்டால் இவன் தேவலை. 'நல்ல ரசனை' கெடக்கூடாது என்கிறது அந்த நெறிமுறை. யாரோட ரசனை?

புகாரை உரிமையாகப் பார்த்த சட்டமும் நம்மிடம் உண்டு. 1990 பிரசார் பாரதி சட்டம் ஓர் ஒலிபரப்பு மன்றத்தைச் சொல்கிறது. தலைவர், பத்து உறுப்பினர்கள், நான்கு எம்.பி.க்கள். நிகழ்ச்சியில் தனக்கு அநீதி நடந்தது என்று யாரும் அங்கே முறையிடலாம். மன்றத்தின் யோசனையை நிர்வாகக் குழு ஏற்க மறுத்தால் காரணத்தைப் பதிவுசெய்ய வேண்டும். மன்றம் விரும்பினால் தன் பரிந்துரையை ஒளிபரப்பவே சொல்லலாம். தூர்தர்ஷன் தன் குற்றத்தைத் தானே வாசிக்கும் காட்சியை யோசித்துப் பாருங்கள்! சட்டம் 1997 செப்டம்பர் 15இல்தான் அமலுக்கு வந்தது. மன்றம் அமைக்கப்படவே இல்லை. எந்த ஆட்சிக்கும் அது தேவைப்படவில்லை என்பது தற்செயல் அல்ல.

தனியார் சானல் மேல் புகார் என்றால் எங்கே போறது? 2021 ஜூனில் வந்த விதிப்படி முதலில் அந்தச் சானலிடமே. பதினைந்து நாள் கெடு. அடுத்து சானல்காரர்களே அமைத்துக்கொண்ட சுயக்கட்டுப்பாட்டு அமைப்பு. உச்சியில் அரசு.

2020 மார்ச்சில் தில்லி வன்முறையைக் காட்டியதற்காக ஏஷியாநெட் நியூஸ், மீடியாஒன் என்ற இரு மலையாளச் சானல்களை 48 மணி நேரம் நிறுத்த உத்தரவிட்டதும் இதே அரசின் ஒலிபரப்பு அமைச்சகம்தான். மறுநாளே விலக்கிக்கொண்டது வேறு விஷயம். மீடியாஒன் மேல் சொன்ன குறைகளில் ஒன்று, தில்லிப் போலீசையும் ஆர்.எஸ்.எஸ்.ஸையும் விமர்சிக்கிறது என்பது. காட்டிய விதி, அதே நிகழ்ச்சி நெறிமுறை.