ஒரு பல்லின் விலை

பல் போனால் சொல் போகும் என்பது பழமொழி. பல் போனால் வழக்கே வேறு பிரிவுக்குப் போகும் என்பது நான் கிரிமினல் கோர்ட் குமாஸ்தாவாக இருந்து தெரிந்துகொண்டது. மனிதன் எத்தனை காலமாகப் பல்லுக்கு விலை பேசி வருகிறான் என்று இந்த வாரம் பார்ப்போம்.

பழைய விலைப்பட்டியல் ஒன்று பாபிலோனில் இருந்தது. சுமார் 3,750 ஆண்டுகளுக்கு முன் ஹம்முராபி மன்னன் கல்லில் வெட்டி வைத்த சட்டம் அது. 1901-02இல் பிரெஞ்சு அகழாய்வாளர்கள் ஈரானின் சூசாவில் அந்தக் கல்லைக் கண்டெடுத்தார்கள். இன்று பாரிஸ் லூவ்ர் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்குப் பாடத்திலேயே அது அறிமுகம். சமமானவனின் பல்லை உடைத்தால் உடைத்தவன் பல்லும் உடைபடும். கீழ்த்தட்டு மனிதனின் பல் என்றால் மூன்றில் ஒரு பங்கு மினா வெள்ளி கொடுத்தால் போதும். பல் ஒன்றுதான், ஆளைப் பார்த்து விலை!

நம் நாட்டில் கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் கையை, காலை, பல்லை உடைப்பதை ஒரே வரிசையில் வைத்து அபராதம் விதிக்கிறது. சுஸ்ருதர் வைத்தியம் சொல்கிறார். இளவயதுக்காரரின் பல் உடையாமல் ரத்தத்தோடு ஆடினால், அதை அழுத்திப் பொருத்தி, வெளியே குளிர்ச்சியான பற்றுப் போட்டு, அல்லித்தண்டு வழியாகப் பாலை உறிஞ்சிக் குடிக்கச் சொல்ல வேண்டும். வயதானவரின் ஆடும் பல்லுக்கு இந்த வைத்தியம் வேண்டாம் என்றும் எழுதியிருக்கிறார். நம் வயதுக்காரர்கள் வருத்தப்பட வேண்டாம்!

பிரான்சில் பியர் ஃபொஷார் 1728இல் இரண்டு பாகமாகப் பல் மருத்துவ நூல் வெளியிட்டார். இளமையில் கடற்படை மருத்துவரிடம் தொழில் பழகியவர். வெளியே வந்த பல்லை மறுபடி குழியில் வைத்துப் பக்கத்துப் பற்களோடு நூலால் கட்டும் முறையை விவரித்தார். இன்றைய டாக்டர் மெல்லிய கம்பியும் பிசினும் வைத்துச் செய்வதும் அதே வேலைதான்.

இனி என் பழைய மேஜைக்கு வருகிறேன். 1860இல் இயற்றப்பட்ட இந்திய தண்டனைச் சட்டத்தின் 320ஆம் பிரிவு, கொடுங்காயம் என்பதற்கு எட்டு வகை சொன்னது. ஏழாவது, எலும்போ பல்லோ முறிதல் அல்லது இடம் பெயர்தல். எட்டாவது வகையில், இருபது நாள் அன்றாட வேலையைச் செய்ய முடியாமல் போவதும் சேரும். 1963 வரை புதுச்சேரியில் இருந்த பிரெஞ்சு தண்டனைச் சட்டமும் இருபது நாளுக்கு மேல் வேலை செய்ய முடியாமையைத்தான் அளவுகோலாக வைத்திருந்தது. பல்லைத் தனியே பெயர் சொல்லி எண்ணியது ஆங்கிலேயர் தந்த சட்டம். 2024 ஜூலை 1 முதல் அமலான பாரதிய நியாய சன்ஹிதாவின் 116ஆம் பிரிவிலும் பல் அப்படியே இருக்கிறது. இருபது நாள் மட்டும் பதினைந்தானது.

இதனால் என்ன வித்தியாசம்? சாதாரண காயத்துக்கு உச்ச தண்டனை ஓராண்டு. மாஜிஸ்திரேட் உத்தரவில்லாமல் போலீஸ் புலன்விசாரணை செய்ய முடியாது. கொடுங்காயம் என்றால் ஏழாண்டு வரை. நடுவில் நிற்பது ஒரு பல். அதனால்தான் காயச் சான்றிதழில் பல் புதிதாக விழுந்ததா, ஈறு நோயால் முன்பே ஆடிக்கொண்டிருந்ததா என்ற குறுக்கு விசாரணை அவ்வளவு நீளும்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைத் தொழிலாளிக்கு இன்னொரு கணக்கும் உண்டு. 2025 வரை அமலில் இருந்த 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்ட அட்டவணையில் ஆள்காட்டி விரல் முழுதும் போனால் 14 விழுக்காடு. எலும்பு போகாமல் நுனி மட்டும் நறுங்கினால் 5. பல்லுக்கு வரியே இல்லை. பட்டியலில் இல்லாத காயத்துக்கு, சம்பாதிக்கும் திறன் எவ்வளவு குறைந்தது என்று டாக்டர் மதிப்பிட வேண்டும். முன்பல் இல்லாமலும் மூட்டை தூக்கலாமே என்பார்கள்! அடிதடியில் எலும்புக்குச் சமமான பல், இயந்திரம் அடித்தால் கணக்கில் வருவதில்லை.

பல முறை பார்த்திருக்கிறேன்: அடிபட்டவர் விழுந்த பல்லைக் காகிதத்தில் மடித்துச் சட்டைப்பையில் பத்திரமாக வைத்திருப்பார், சாட்சிக்காக. அப்படி வைப்பதில்தான் பல் சாகிறது. வேரைச் சுற்றியுள்ள உயிரணுக்கள் காய்ந்துபோனால், திரும்ப வைத்தாலும் நாளடைவில் வேர் கரைந்துவிடும்.

செய்ய வேண்டியது இதுதான். பல்லின் வெள்ளைப் பக்கத்தைப் பிடித்து எடுங்கள். வேரைத் தொடவோ தேய்க்கவோ கூடாது. அழுக்கிருந்தால் பாலில் லேசாக அலசுங்கள். ஆள் நினைவோடு இருந்தால் அங்கேயே குழியில் வைத்து, சுத்தமான துணியை மெல்லக் கடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். முடியாவிட்டால் காய்ச்சாத, ஆறிய பாக்கெட் பாலில் போட்டு அரை மணிக்குள் பல் டாக்டரிடம் சேருங்கள். கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்னை அரசு பல் மருத்துவமனைக்கு மின்ரயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். ஆகவே முதலில் பக்கத்துப் பல் டாக்டர். குழந்தையின் பால் பல்லைத் திரும்ப வைக்கக் கூடாது. அது கூரைக்கே போகட்டும். உடைந்த துண்டு கிடைத்தால் எடுத்துப் போங்கள், ஒட்டலாம். தடுப்பூசி பற்றியும் கேளுங்கள்.

வழக்குக்குப் பல் கையில் இருக்க வேண்டியதில்லை. டாக்டர் எழுதும் குறிப்பும் எக்ஸ்ரேயும் ஏ.ஆர். காப்பியும் போதுமான ஆதாரம். பல் வாய்க்குள் இருக்கட்டும். காகிதம் கட்டில் இருக்கட்டும். வேலைக்குப் போகும் பேரன் பேத்திகளிடம் இதைச் சொல்லி வையுங்கள்.