நெடுங்கோடும் மணிப்பொறியும்

பூமியில் ஓரிடத்தைச் சுட்டுதற்கு இரண்டு எண்கள் போதும். மத்தியகோட்டிலிருந்து வடக்கே அல்லது தெற்கே எத்தனை பாகை என்பதை அகலக்கோடும், முதற்கோட்டிலிருந்து கிழக்கே அல்லது மேற்கே எத்தனை பாகை என்பதை நெடுங்கோடும் உணர்த்தும். யாழ்ப்பாணம் ஏறக்குறைய வடக்கு 9 பாகை 40 கலையிலும் கிழக்கு 80 பாகையிலும் உள்ளது. கி. பி. 2ஆம் நூற்றாண்டிலேயே தொலமி இம்முறையால் ஆயிரக்கணக்கான இடங்களைக் குறித்தார். ஆயினும், தப்ரபேன் என அவர் குறித்த நம் தீவு மத்தியகோட்டையும் கடந்து தெற்கே நீண்டு கிடந்தது. முறை செம்மையாயிருந்தும் அளவை செம்மைப்படவில்லை.

அவ்விரண்டனுள் அகலக்கோட்டை அறிதல் எளிது. வடவரைக்கோளத்தில் துருவமீன் அடிவானின் மேல் நிற்கும் உயரமே ஏறத்தாழ அவ்விடத்தின் அகலக்கோடாகும். நெடுங்கோட்டுக்கு அத்தகைய வழிகாட்டி வானில் இல்லை. பூமி 24 மணித்தியாலத்தில் 360 பாகை சுழலுதலின், ஒரு பாகை நான்கு நிமிடத்துக்குச் சமம். ஆகவே, ஓரிடத்து உச்சிப்பொழுதில் முதற்கோட்டின் நேரத்தையும் அறிவோமாயின் நெடுங்கோடு புலப்படும். ஆனால் ஊசற் கடிகாரம் அலைகடலிற் பிழைபட்டது.

இப்பிழை உயிர்களைக் கொள்ளைகொண்டது. 1707இல் ஆங்கிலக் கடற்படைக் கப்பல்கள் நான்கு, தாம் செல்லுமிடத்தைத் தவறாக மதித்துச் சில்லித் தீவுப் பாறைகளில் மோதி அழிந்தன. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். 1714இல் பிரித்தானியப் பாராளுமன்றம், கடலில் நெடுங்கோட்டை அரைப் பாகைக்குட் பிழையின்றிக் காணும் வழிக்கு 20,000 பவுண் பரிசு விதித்தது. வானநூலார் சந்திரனின் இயக்கத்தை நம்பினர். தச்சுத்தொழிலாளரான யோன் ஹரிசனோ மணிப்பொறியை நம்பினார். 1759இல் முற்றுப்பெற்ற அவரது நான்காவது பொறி, 1761இல் யமேக்காவுக்குப் புறப்பட்ட கப்பலில் ஏறி, ஏறக்குறைய ஐந்து செக்கன் மாத்திரமே பிழைத்ததாகக் கணிக்கப்பட்டது. எனினும், பரிசுத்தொகையில் எஞ்சியதைப் பாராளுமன்றம் 1773இலேயே அளித்தது. அப்போது அவருக்கு வயது எண்பது. சந்திர முறையும் பொய்யன்று. மணிப்பொறி விலைமிக்கதாயிருந்த காலத்தில் மாலுமிகள் பலர் அதனாலேயே வழி கண்டனர்.

இனி, மத்தியகோடு இயற்கையால் அமைந்தது. முதற்கோடோ மாந்தர் வகுத்தது. பண்டைப் பாரத சோதிடநூல்கள் உச்சயினி வழியாகச் செல்லுங் கோட்டைக் கொண்டு, அது மத்தியகோட்டைச் சந்திக்குமிடத்தை இலங்கை என்றன. அவ்விலங்கை கணிதத்தின்பொருட்டுக் கொண்டதேயன்றி, மத்தியகோட்டுக்கு வடக்கேயுள்ள நம் தீவன்று. 1884இல் வாசிங்டனிற் கூடிய மாநாடு கிறீனிச்சுக் கோட்டை முதற்கோடாக ஏற்றது.

படத்தில் மாணவர் இழுக்கும் கோடு வெறுங்கோடன்று. அதன் பின்னே கடலில் மாண்டோரின் துயரும், கற்றோர் ஐயத்தைப் பொறுமையால் வென்ற தொழிலாளி ஒருவரின் உழைப்பும் உள்ளன என்பதை அவர் உணர்தல் வேண்டும்.