கலப்பிட்டமட ஓடையும் பண்டுல பெத்தியாவும்

கொழும்பு–கண்டி வீதியில் தலகுலிக்குப் பேர்போன வரக்காப்பொலவிலிருந்து தெற்கே சற்றுத் தள்ளி இருக்கிறது கலப்பிட்டமட. இறப்பர் மரங்களுக்கும் வீட்டுத் தோட்டங்களுக்கும் வயல்களுக்கும் நடுவே புகுந்து வரும் ஒரு சிற்றோடை இங்கிருந்து களனி கங்கையை நோக்கிப் போகிறது. உலகில் இயற்கையாக வேறெங்கும் அறியப்படாத ஒரு கெண்டைப்பொடி இனத்தின் வீடு அது. விஞ்ஞானம் அதைப் பெத்தியா பண்டுல என்கிறது.

இந்த மீன் பெயர் பெற்றது மிகப் பிந்தித்தான். கறுப்பு மாணிக்கக் கெண்டைக்கு 1868இலும் செர்ரிக் கெண்டைக்கு 1929இலும் விஞ்ஞானப் பெயர் வந்துவிட்டது. இரண்டும் உலகெங்கும் கண்ணாடித் தொட்டிகளில் வளர்ந்த பிறகும் கலப்பிட்டமட மீன் பெயரில்லாமலே நீந்தியது. மோரிஸ் கொட்டெலாவும் ரொஹான் பெத்தியகொடவும் 1991இல் அதைப் புதிய இனமாக விவரித்தார்கள். 2012இல் இது பெத்தியா என்ற புதிய பேரினத்துக்கு மாற்றப்பட்டது. சிங்களக் கிராமத்தார் சின்னக் கெண்டைகளை அழைக்கும் சொல்லே அந்தப் பேரினத்தின் பெயர்.

நான்கு சென்ரிமீற்றரை எட்டாத மீன் இது. கரையோரச் செடிகள் நீரில் தாழ்ந்து கிடக்கும் இடங்களில் கூட்டமாக நிற்கும். ஆண் மீன் சிவந்து பொலியும்.

ஒரே ஓடையில் அது ஒதுங்கி நிற்பதை இந்த நிலத்தின் வரலாற்றோடு சேர்த்தே பார்க்க வேண்டும். 1876இல் ஹெனரத்கொடவுக்கு வந்த இறப்பர் நாற்றுகள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கேகாலைச் சரிவுகளை மூடின. தாழ்நிலக் காடு போனது. நிழல் போன ஓடைகள் சூடேறின. மழைக்கு மண் கரைந்து வந்தது. பள்ளத்து வயல்களில் பின்னாளில் களைக்கொல்லியும் பூச்சிமருந்தும் சேர்ந்தன. காட்டு மீனாக இருந்திருந்தால் ஒரு சரணாலயம் போதும். இது வயல் மீன். மருந்து தெளிக்கும் விவசாயியின் கைக்கு மிக அருகில் வாழ்கிறது. ஒருகட்டத்தில் சில நூறு மீன்களே மிஞ்சியதாக மதிப்பிடப்பட்டது. சர்வதேசச் செம்பட்டியலில் மிக உச்ச ஆபத்து நிலையில் இது இடம்பெற்றது. அழகுமீன் வியாபாரிகளின் கண்ணும் விழக்கூடிய மீன் என்பதால் சட்டப் பாதுகாப்பும் வந்தது.

மீனை இடம் மாற்றிக் காப்பது இலங்கைக்குப் புதிதல்ல. 1980களின் தொடக்கத்தில் களனி, களு கங்கைப் படுகைகளின் சில அழகுமீன்கள் மகாவலியின் மேற்படுகை ஓடைகளில் விடப்பட்டன. அவற்றிற் சில அங்கே நிலைகொண்டதாக எரிக் விக்ரமநாயக்க 1990இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. ஆனால் புதிய நீரில் விடும் மீன் அங்குள்ள இனங்களோடு கலக்கலாம், போட்டியிடலாம் என்ற அச்சம் இன்றும் இருக்கிறது. அந்த அச்சம் நியாயமானது. பண்டுல பெத்தியாவுக்கும் இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியத்தின் இலங்கை அலுவலகம் 2010களில் வாழிடத்தைச் சீராக்கவும் மாற்று ஓடையில் குடியேற்றவும் முயன்றது.

தொட்டியில் பெருக்குவது இன்னொரு வழி. இவ்வகைக் கெண்டைகள் முட்டைக்குக் காவல் நிற்பதில்லை. சிறு முட்டைகளை நுண்ணிலைச் செடிகளுக்கிடையே சிதறிவிட்டு, கண்ணில் பட்டதைத் தாமே தின்றுவிடும். ஆகவே வளர்ப்பவர் தொட்டியின் அடியில் பாசியோ வலையோ இடுவார். முட்டைகள் அதன் கீழே விழுந்து தப்பும். முட்டையிட்டதும் பெற்றோரை வேறு தொட்டிக்கு மாற்றுவார். ஓரிரு நாளில் குஞ்சு பொரிக்கும். முதல் இரை கண்ணுக்குத் தெரியாத நீர்நுண்ணுயிர்தான். அது கிடைக்காவிட்டால் ஒரு தொகுதியே செத்துப்போகும்.

இதைவிடக் கடினமானது வம்சக் கணக்கு. சில சோடிகளிலிருந்தே பெருக்கினால் தலைமுறைக்குத் தலைமுறை உறவுக்குள் கலப்பு ஏறும். கறுப்பு மாணிக்கக் கெண்டை போன்ற நெருங்கிய இனத்தை அதே தொட்டியில் விட்டால் கலப்புக் குஞ்சு பிறக்கக்கூடும். தொட்டித் தீனிக்குப் பழகிய மீன் வெள்ளத்துக்கும் விராலுக்கும் அஞ்சக் கற்றிருக்காது. அதனால் வளர்த்த மீனை ஓடையில் விடுமுன் நீரின் தரம், கரைச்செடிகள், வயலில் தெளிக்கும் மருந்தின் அளவு ஆகிய மூன்றையும் பார்க்க வேண்டியிருக்கிறது. கலப்பிட்டமடையில் இந்த மூன்றில் எதுவும் வயல்காரரின் சம்மதமில்லாமல் மாறாது. ஓடையின் கரை அவர்களுடைய வரப்பு.